வெறும் ஸ்பேனர் வேலை

"நாம என்ன சார் செஞ்சோம்? பெட்டியில வந்ததைப் பிரிச்சு நட்டு போல்ட்டு முடுக்கினோம். வெறும் ஸ்பேனர் வேலை." பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், வெள்ளை ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றின் பக்கத்தில் நின்று ஒரு பெரியவர் சொன்னது இது. என்னிடம் சொல்லவில்லை. "இது நம்ம மெட்ராஸ்ல செஞ்ச கார்டா" என்று தன் மகனுக்குக் காட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் சொன்னார். அவர் சிரித்துவிட்டு அடுத்த காரைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த வார்த்தை மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. பெரியவர் பேச்சில் ஏதோ இடிக்கிறது. எங்கே இடிக்கிறது என்றுதான் சொல்லத் தெரியவில்லை. இஞ்சினியரிங் இங்கிலாந்து. வடிவம் இத்தாலிக்காரர் போட்டது. பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் நடந்தது வெறும் சேர்ப்பு வேலைதான் என்றால், அதை நம்ம கார் என்பது கொஞ்சம் ஓவர்தானே?

அதற்குப் பிறகு ஹெரால்டைப் பற்றி எங்கே எது கிடைத்தாலும் படித்தேன். தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரின் ஷெட்டில் போய் நின்று, அவர் வேலை செய்யும்போது தொல்லை கொடுத்தேன். இந்தக் கார் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் பெரியவரின் கேள்வி தலைகீழாகிவிடுகிறது.

கோவென்ட்ரிக்கு வந்த இக்கட்டு

1950களின் நடுவில், இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் இருந்த ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனம் தன்னுடைய ஸ்டாண்டர்டு எயிட், ஸ்டாண்டர்டு டென் சிறு கார்களுக்கு மாற்றாக ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. உலகம் முழுக்கக் கார்கள், சேசிஸ் என்ற தனி அடிச்சட்டம் இல்லாமல், பாடியே எல்லாமான ஒரே கூடாக வரத் தொடங்கிவிட்ட காலம் அது. டென் காரே அப்படித்தான் வந்தது. அதற்கு பாடி செய்து கொடுத்தது பிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம். 1953இல் அந்த நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிப் போட்டுவிட்டது. அடுத்த மாடலுக்கு உங்களுக்கு பாடி கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். ஸ்டாண்டர்டு டிரையம்பின் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்த பாடிக் கம்பெனிகள் எல்லாம் சின்னவை. முழுக் கூட்டையும் ஒரே அடியில் அழுத்தி எடுக்கும் வசதி எவரிடமும் இல்லை. ஒருவரால் முன்பக்கம் செய்ய முடியும், இன்னொருவரால் பின்பக்கம், இன்னொருவரால் கூரை.

இஞ்சினியரிங் பொறுப்பில் இருந்த ஹாரி வெப்ஸ்டர் இதற்குக் கண்டுபிடித்த வழிதான் ஹெரால்டு. பழைய பாணியில் தனிச் சேசிஸ் ஒன்று. அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டிவிட வேண்டியது. முன் பானெட் ஒரு துண்டு, நடுத்தொட்டி ஒரு துண்டு, பின்தொட்டி ஒரு துண்டு, கூரை ஒரு துண்டு. பர்மிங்காமில் ஒன்று, லிவர்பூலில் ஒன்று என்று செய்து லாரியில் ஏற்றிக் கோவென்ட்ரிக்குக் கொண்டுவந்து முடுக்கிவிடலாம். தொழில்நுட்பத்தில் பின்னோக்கி ஓர் அடி. அன்றைய பத்திரிகைக்காரர்கள் சிலர் அப்படித்தான் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் எடுத்த முடிவு என்பதை நிறுவனத்தார் வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. புத்திசாலித்தனமான முடிவு என்று விளம்பரம் செய்தார்கள்.

வடிவம் மட்டும் வெகுநாள் சரியாக வரவில்லை. ஜோபோ என்ற சங்கேதப் பெயரில் கோவென்ட்ரியிலேயே வரைந்து பார்த்ததெல்லாம் சப்பென்று இருந்தன. எகிப்தில் கார் தயாரிக்கத் திட்டமிட்டிருந்த ரேமண்ட் ஃப்ளவர் என்பவர் மூலமாகத்தான் இத்தாலியின் டூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கலோட்டி இவர்களுக்குக் கிடைத்தார். வெப்ஸ்டர் விளக்கிச் சொன்னதைக் கேட்டு, எதிரிலேயே உட்கார்ந்து சில நிமிடங்களில் அந்தக் கோடுகளைப் போட்டுவிட்டாராம். கூர்மையான விளிம்பு, அகலக் கண்ணாடி, முன்விளக்குக்கு மேலே லேசாகப் புருவம் தூக்கிய மாதிரி ஒரு வளைவு. 1959இல் இதற்கு முன்னால் நின்ற எந்த ஆங்கிலேயச் சிறு காரும் பாட்டி மாதிரித்தான் தெரிந்திருக்கும். பிற்பாடு டிரையம்பின் டி.ஆர்.4, ஸ்பிட்ஃபயர் எல்லாமே அவர் கையிலிருந்து வந்தவைதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த அறிமுக விழா. மேடையில் ஒரு குழு துண்டுகளாக வந்த ஹெரால்டைக் கூட்டத்தின் கண்முன்னே சில நிமிடங்களில் சேர்த்து முழுக் காராக நிறுத்திக் காட்டியது. அதாவது, உலகத்துக்கு இந்தக் காரை அறிமுகப்படுத்தியபோது அதன் தாய்க் கம்பெனியே பெருமையாகக் காட்டியது ஸ்பேனர் வேலையைத்தான். பெரியவர் எதை ஏளனமாகச் சொன்னாரோ அதுவே இந்தக் காரின் முழு யோசனை. கோவென்ட்ரியிலும் அது வெளியூரிலிருந்து வந்த துண்டுகளை முடுக்கிச் செய்த கார்தான். மெட்ராசுக்குத் துண்டுகள் லாரிக்குப் பதிலாகக் கப்பலில் வந்தன.

இதனால்தான் அது இத்தனை நாட்டில் பிறந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, அயர்லாந்து, மால்ட்டா என்று போன இடத்திலெல்லாம் பெரிய அழுத்து இயந்திரங்கள் இல்லாமலே இதைச் சேர்க்க முடிந்தது. ஒரே சேசிஸில் கூரையைக் கழற்றினால் திறந்த கார், வேறு கூரை போட்டால் பின்னால் சாமான் ஏற்ற இடமுள்ள எஸ்டேட், சீட்டைக் குறைத்தால் கூப்பே. பின்னாளில் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ், ஜி.டி.6 எல்லாம் இதே சேசிஸின் வாரிசுகள். விற்பனைக்கு வருவதற்கு முன்பே இரண்டு ஹெரால்டுகளைக் கேப் டவுனிலிருந்து டான்ஜியர் வரை ஆப்பிரிக்கா குறுக்கே ஓட்டிப் பார்த்தார்கள். வெளிநாடுகளுக்குப் போகப் போகிற வண்டி என்பது முதலிலிருந்தே கணக்கில் இருந்தது.

மெட்ராஸ் என்ன செய்தது

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948இலேயே மெட்ராசில் தொடங்கிவிட்டது. வான்கார்டு, டென், பென்னன்ட் என்று செய்து பழகியிருந்தார்கள். 1961இல் ஹெரால்டுக்கு வந்தபோது அதன் 948 சி.சி. இஞ்சின் இவர்களுக்குப் புதிதே இல்லை. டென்னில் இருந்த அதே இஞ்சின். அதே 1961இல் இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு 1147 சி.சி. இஞ்சின் வந்துவிட்டது. பிறகு 1296. மெட்ராசோ கடைசிவரை 948ஐ விடவில்லை. லைசென்ஸ், அந்நியச் செலாவணி, இறக்குமதிக் கட்டுப்பாடு என்ற அந்தப் புராணம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. அந்தக் கெடுபிடியில் இன்னொன்றும் நடந்தது: 1965 வாக்கில் காரில் சுமார் 88 விழுக்காடு உள்நாட்டுப் பாகம். நான்கே வருடம். பெட்டி பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த நேரத்துக்குள் பெட்டியே வேண்டாம் என்கிற நிலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். மார்க் டூ என்று பெயர் போட்டு விற்றார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் கார் விற்பதையே 1963இல் நிறுத்திவிட்டார்கள். அங்கே ஹெரால்டு முதல் நாளிலிருந்தே டிரையம்ப் ஹெரால்டுதான். ஆகவே பானெட்டில் ஸ்டாண்டர்டு என்று எழுதிய ஹெரால்டைப் பார்க்க நீங்கள் மெட்ராசுக்குத்தான் வர வேண்டும். கோவென்ட்ரி தூக்கிப் போட்ட பெயரை நம் ஊர் இன்னும் 25 வருடம் ஓட்டியது.

1968இல் வந்த மார்க் த்ரீதான் முக்கியம். நான்கு கதவு. உலகத்தில் வேறெங்கும் நான்கு கதவு ஹெரால்டு கிடையாது. மிக்கலோட்டி போட்டது இரண்டு கதவு. அதில்தான் பக்கவாட்டு அழகு இருக்கிறது. நம் ஊரில் என்ன நிலைமை? அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் நான்கு கதவு. பாட்டி, அத்தை, கைக்குழந்தைக்காரி எல்லாரும் முன்சீட்டை மடக்கிவிட்டுக் குனிந்து பின்சீட்டுக்குள் நுழைய வேண்டும் என்றால் எந்த வீட்டில் அந்தக் காரை வாங்க விடுவார்கள்? அதனால் பின்னால் இரண்டு கதவு போட்டார்கள். எழுதும்போது எளிதாக இருக்கிறது. கதவு வைத்தால் நடுவில் தூண் வேண்டும், கதவுக்குச் சட்டம், கண்ணாடி இறங்க இடம், புதிய அச்சுகள் எல்லாம் வேண்டும். கம்பேனியன் என்ற எஸ்டேட்டுக்கும் ஐந்து கதவு. கோவென்ட்ரி எஸ்டேட்டில் பக்கத்துக்கு ஒன்றுதான். ஷெட்டில் ஒரு மார்க் த்ரீயை நிதானமாகப் பார்த்திருக்கிறேன். முன்கதவையும் பின்கதவையும் சேர்த்துப் பார்க்கும்போது முதலிலேயே இப்படித்தான் வரைந்திருப்பார்களோ என்று நினைக்கும் அளவுக்கு இடைவெளிகள் ஒழுங்காக ஓடுகின்றன. ரொம்ப அழகு என்று சொல்ல மாட்டேன். இரண்டு கதவுக் காரின் துள்ளல் போய்விட்டது. ஆனால் யாரும் வெட்டி ஒட்டிய வண்டி என்று சொல்ல முடியாது.

ஜாக்கி ஏற்றியபோது

பெரியவர் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருந்தது, அவர் அதைச் சொல்லாவிட்டாலும். ஹெரால்டின் பெருமைகளில் ஒன்று, நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். அந்த விலையில் இங்கிலாந்தில் அது பெரிய விஷயம். அடுத்து 25 அடிக்குள் வட்டமடித்துத் திரும்பும் திறமை, லண்டன் டாக்சிக்குச் சமம். அப்புறம் பானெட். இரண்டு பக்கக் கொக்கியையும் விடுவித்தால் மட்கார்டோடு சேர்ந்து மொத்த மூக்கும் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். மெக்கானிக் அண்ணன் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுவார். "இப்ப வர்ற வண்டியில கையே உள்ள போவாது. இதுல நானே உள்ள போயிடுவேன்" என்பார். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், மெட்ராஸ் 1972இல் கொண்டுவந்த கெஸெல் கொஞ்சம் வருத்தம் தரும் கார். ஹெரால்டையே திருத்தி, நான்கு கதவோடு புது முகம் கொடுத்து, நம் ஊரிலேயே வடிவமைத்தார்கள். இந்தியாவிலேயே வடிவமைத்த முதல் கார் என்றுகூடச் சொல்வதுண்டு. ஆனால் பின்பக்கத் தனி சஸ்பென்ஷனை எடுத்துவிட்டு, லாரிக்கும் அம்பாசடருக்கும் இருக்கிற மாதிரி ஒரே ஹவுசிங்கை, அதாவது இரண்டு பின்சக்கரத்தையும் விறைப்பாக இணைக்கும் ஒரே ஆக்சில் கூட்டைப் போட்டுவிட்டார்கள். பழைய கார் பிரியர்கள் பலர் இதைத்தான் காட்டுவார்கள்: வெள்ளைக்காரன் கொடுத்த நல்ல வேலைப்பாட்டை நம்மவர்கள் மாட்டு வண்டியாக்கிவிட்டார்கள் என்று.

இந்தப் பேச்சை நான் மெக்கானிக் அண்ணனிடம் எடுத்தபோது அவர் வாதாடவில்லை. நின்றிருந்த ஹெரால்டின் பின்பக்கம் ஜாக்கி கொடுத்து ஏற்றினார். "அண்ணே, சக்கரம் கழண்டுக்கப் போவுது" என்று கத்தியேவிட்டேன். வண்டி மேலே போகப் போக இரண்டு பின்சக்கரமும் அடிப்பக்கம் உள்ளே மடிந்து, கால் பின்னிக்கொண்டு நிற்கிற மாதிரி தொங்கின. இதற்குக் காரணம் எளிது. இஞ்சின் சக்தியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சேசிஸில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து வரும் ஒவ்வொரு ஆக்சிலுக்கும் உள்முனையில் மட்டும் ஒரு ஜாயிண்ட். மேலே குறுக்காக ஒரே ஸ்பிரிங் கட்டு. சக்கரம் மேலும் கீழும் போகும்போது நேராகப் போகாமல் அரைவட்டமாகப் போகும். ஆள் இல்லாமல் தூக்கினால் அடி உள்ளே மடியும். ஆறு பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏற்றினால் அடி வெளியே விரிந்து, டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். வேகமாக வளைவில் போய்ச் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் எகிறி, வெளிச்சக்கரம் அடியில் மடிந்து, வண்டி வாலை வீசும். "இங்கிலீஷ்காரன் ரெண்டு பேர் உட்கார்ந்து போற ரோட்டுக்கு இது சரி. கல்யாணத்துக்குப் போற வண்டிக்கு இது எப்படித் தாங்கும், சொல்லு" என்றார். கெஸெலைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஹவுசிங் போட்டது பாவமா?"

இதோடு விட்டிருந்தால் இது ரோட்டுக்கு ஏற்ற சமாளிப்பு, அழகில்லாவிட்டாலும் புரிகிறது என்று முடித்திருப்பேன். பிறகுதான் அதே வருடங்களில் கோவென்ட்ரி என்ன செய்துகொண்டிருந்தது என்று தேடிப் பார்த்தேன். அங்கேயும் இதே பின்சக்கரம்தான் தலைவலி. ஆறு சிலிண்டர் போட்ட விட்டெஸிலும் ஜி.டி.6இலும் வளைவில் வண்டி சுழல்கிறது என்று ஊரெல்லாம் புகார். 1968இல் அந்த வேகமான கார்களுக்கு மட்டும் கீழே ஒரு கை வைத்து, ரப்பர் கப்ளிங் போட்டு, செலவான முறையில் சரிசெய்தார்கள். 1970இல் ஸ்பிட்ஃபயருக்கு மலிவாக வேறொரு ஸ்பிரிங் ஏற்பாடு. ஹெரால்டுக்கு? ஒன்றும் செய்யவில்லை. 1971 வரை அதே ஆக்சிலோடு விற்று நிறுத்திவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடமே அதன் இடத்தை நிரப்ப டொலிடோ என்ற காரைக் கொண்டுவந்திருந்தார்கள். வரைந்தவர் அதே மிக்கலோட்டி. பின்னால் என்ன இருந்தது? ஒரே ஹவுசிங்!

இதைப் படித்தபோது நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மெட்ராஸ் செய்தால் மாட்டு வண்டி, கோவென்ட்ரி அதையே இரண்டு வருடம் முன்னால் செய்தால் சிக்கனமான இஞ்சினியரிங்கா? அவர்களிடம் இருந்த பணம், ஆள், சோதனைத் தடம் எதுவும் இங்கே கிடையாது. கோவென்ட்ரி புதுக் காரையே செய்து அந்த முடிவுக்கு வந்தது. மெட்ராஸ் பழைய சேசிஸின் மேல் நின்றுகொண்டே அதே முடிவுக்கு வந்தது. ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே கோளாறை வைத்துக்கொண்டு தவித்த இரண்டு பட்டறைகள் ஒரே மருந்தைத் தேர்ந்தெடுத்தன. மெட்ராஸ் ஆட்களுக்குக் கார் புரிந்திருந்தது என்பதற்கு எனக்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம்.

கெஸெல் ஓடாமல் போனது வேறு கதை. 1977 வரை மிகக் கொஞ்சமாகத்தான் செய்தார்கள். உற்பத்தி உரிமத்தைக் கைவிடாமல் வைத்துக்கொள்ளவே செய்தார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அந்த எண்ணிக்கைக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது. பிறகு சில வருடம் வேன் மட்டும். 1985இல் ரோவரின் பெரிய காரை எடுத்து, அதன் அழகான பாடிக்குள் வான்கார்டு காலத்து 1991 சி.சி. இஞ்சினைத் திருத்திப் போட்டு ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றார்கள். அந்த விலைக்கு அந்த இஞ்சினை யார் மன்னிப்பார்கள்? 1988இல் உற்பத்தி நின்றுவிட்டது. பெரியவரின் கோபம் முழுக்க இந்தக் கார்மேல் இருந்திருந்தால் நான் அவர் பக்கம் நின்று கை தட்டியிருப்பேன். பெருங்களத்தூர்த் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும்.

ஸ்பேனர் வேலை என்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இன்னோர் உதாரணம் மெல்போர்ன். அங்கே ஹெரால்டை முடுக்கிய நிறுவனம் ஆஸ்திரேலியன் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ். அதே ஆட்கள் 1963இல் டொயோட்டா டியாரா என்ற சிறு காரையும் பெட்டியிலிருந்து பிரித்துச் சேர்க்கத் தொடங்கினார்கள். ஜப்பானுக்கு வெளியே டொயோட்டா கார் உருவானது அங்கேதான் முதலில் என்பார்கள். போகப் போக அந்த நிறுவனத்தையே டொயோட்டா எடுத்துக்கொண்டது. 2017 வரை ஆஸ்திரேலியாவில் கார் செய்தது. மெல்போர்ன்காரர்கள் ஹெரால்டில் ஒரு கதவைக்கூட மாற்றவில்லை. கதவு மாற்றி, ஆக்சில் மாற்றி, புதுக் காரே வரைந்த மெட்ராசுக்குக் கையில் நின்றது 948 சி.சி. மட்டும். நம்மவர்களுக்குத் திறமை இல்லை என்பவர்களிடம் நான் இந்த இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். கூடவே அன்றைய முதலாளிகளும் அரசாங்கமும் எடுத்த முடிவுகளைப் பார்க்கச் சொல்வேன். ஸ்பேனர் பிடித்தவர்களைக் குறை சொல்வது மூன்றாவது இடத்தில்கூட வராது.

இன்று ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இங்கிலாந்தில் டிரையம்ப் பைத்தியங்கள் ஏராளம், உதிரிப் பாகத்தைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் பித்தளை டிரன்னியன், புஷ், கேஸ்கட், ஆக்சில் ஜாயிண்ட் எல்லாம் ஆர்டர் போட்டால் தபாலில் வந்துவிடும். (டிரன்னியனுக்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும், தயவுசெய்து கிரீஸ் அடிக்காதீர்கள். காய்ந்துபோய் ஒரு நாள் சக்கரம் மல்லாந்துவிடும்.) மார்க் த்ரீக்குப் பின்கதவுக் கண்ணாடி வேண்டும், பின்கதவுக்கு ரப்பர் பீடிங் வேண்டும், கெஸெலுக்கு ஹவுசிங் பாகம் வேண்டும் என்று கேட்டால் அங்கே ஒருவரிடமும் இருக்காது. அவை அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மெக்கானிக் அண்ணன் பழைய உதிரிப் பாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். கிடைக்காவிட்டால் பழைய பாகத்தை மாதிரிக்குக் கொடுத்து லேத் பட்டறையில் செய்து வாங்கிக்கொள்வார். போன மாதம் அப்படித்தான் ஒரு கெஸெலுக்கு ஏதோ கடைந்து வாங்கிக்கொண்டிருந்தார். அளவு சரியாக வரவில்லை என்று பட்டறைக்காரரோடு போனில் சண்டை வேறு.